நெரிசற் கட்டணமும் கற்பிட்டி வீதியும்

நெரிசல் வேளையில் வீதியுட் புகும் ஒவ்வோர் ஊர்தியும் பிறர் காலத்தைக் கவர்கின்றது. அதற்கு விலை குறிப்பதே நெரிசற் கட்டணம். 1975 இல் சிங்கப்பூர் நகர மையத்துட் காலையிற் புகுங் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி விதித்தது. நால்வரை ஏற்றிய காருக்கு விலக்களித்தது. மையத்தில் நெரிசல் தணிந்தது, சுற்றுவீதிகளிலோ மிகுந்தது. இலண்டன் 2003 இல் இம்முறையைக் கைக்கொண்டது. எனினும், செல்வர்க்குச் சிறிதாகுங் கட்டணம் வறியோர்க்குப் பெரிதாகும்.

தலவில் அன்னம்மாள் திருவிழாக் காலத்திற் பாலாவி–கற்பிட்டிப் பெருவீதியில் யாத்திரிகர் ஊர்திகள் திரள்கின்றன. காய்கறி லொறிகளுக்கும் மீன் வண்டிகளுக்கும் அதுவே வழி. வேறு வழியோ போதிய பஸ்ஸோ இல்லாதவிடத்துக் கட்டணம் வெறுந் தண்டமாகவே முடியும். ஆதலின், முதலில் வேண்டுவது பஸ். அதன் பின்னரே கட்டணம்.