வானத்திலிருந்து இறங்கிய வைத்தியர்

போர்முனையிலிருந்து மீண்டுவந்த தந்தையிடம் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி எந்நாட்டிலும் ஒன்றாகவே இருக்கும். "எத்தனை பேரைச் சுட்டீர்கள், வாப்பா?" என்று கல்முனையில் ஒரு சிறுவன் கேட்பான், அதையே தன் தந்தையை அழைக்கும் சொல்லை மட்டும் மாற்றி மதுரையிலும் கேட்பான், மணிலாவிலும் கேட்பான். தந்தை பரசூட் படையில் இருந்தவரென்றால் ஆவல் இன்னும் மிகும். ஆகாயத்திலிருந்து குடைபிடித்து இறங்கிப் பகைவர் நடுவே விழும் வீரனைப் பற்றி எத்தனையோ படங்கள், எத்தனையோ கதைகள்! ஆயினும் அப்படிக் குதித்தவர்களுள் ஒரு சாரார், சுடுவதற்காக அன்றிச் சுடப்பட்டவரைப் பிழைக்கவைப்பதற்காகவே குதித்தவர்கள். அவர்களுள் தலையாயவர் ஒருவர் தென்னாட்டவர். வைத்தியர் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் அவருடைய பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெறவில்லை.

அவருடைய தொழிலின் அருமை கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்கு எளிதில் விளங்கக் கூடியது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் வீதியின் ஒரு புறம் கடல்; மறுபுறம் களப்பும் வயல்வெளியும். அந்த ஒற்றை வீதியை நம்பியே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனும் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வீசியபோதும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோதும், வீதி அறுந்தால் என்ன நேரும் என்பதை அவ்வூரார் கண்ணாற் கண்டனர். காயமுற்றவன் கிடக்கிறான், மருந்து வேறோர் ஊரில் இருக்கிறது, இடையே வழியில்லை. போர்க்களத்தில் இதுவே நாள்தோறும் நிகழ்வது. வழியில்லாத இடத்துக்கு வைத்தியர் எவ்வாறு செல்வார் என்ற கேள்விக்கு விடையாகவே பரசூட் வைத்தியப் படை தோன்றியது.

இரண்டாம் உலகப் போர் இக்கரையைத் தொடாமற் போகவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாள் இரவே அத்துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்த ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அவை மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடித்துக் குண்டுமாரி பொழிந்தன. விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதன் தட்டில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை! அரைமணி நேரத்துக்குள் அது மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். கூடச் சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கிற்று. அப்பொழுது அவ்வழியே வந்தது வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல். வெள்ளை வண்ணமும் செஞ்சிலுவையும் தாங்கிய அக்கப்பலை யப்பானிய விமானிகள் தாக்காது விட்டனர். நீரில் மிதந்துகொண்டிருந்த ஏறக்குறைய 600 பேரை அது ஏற்றிச் சென்றது. கல்முனை அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கிய ஊர்; அம்பாறை மாவட்டம் பிறந்தது 1961இலே தான். ஆகவே அந்த வெள்ளைக் கப்பலின் கதை கல்முனையாரின் சொந்த மாவட்டத்துக் கதையே.

அதே போரில், அதே பகைவரை எதிர்க்க இந்தியாவில் ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் பரசூட் வீரர் கிரீற் தீவை வானிலிருந்தே கைப்பற்றியது படைத்தலைவர்களைத் திடுக்கிடச் செய்திருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் 50ஆவது இந்தியப் பரசூட் பிரிகேட் டில்லியில் அமைக்கப்பட்டது. அதன் 152ஆம் இந்தியப் படைப்பிரிவுக்கு வைத்திய அதிகாரியாகச் சேர்ந்தவர் ரங்கராஜ். அவரும் மதுரா சிங் என்னும் ஹவில்தார் மேஜரும் இந்தியர்களுள் முதன்முதலாகப் பரசூட்டில் குதித்தவர்களென அப்படையின் வரலாறு கூறுகிறது. முதலிற் குதித்த இருவருள் ஒருவர் வைத்தியராக இருந்தது சிந்திக்கத்தக்கது. குதித்தவன் கால் முறிந்து கிடந்தால் அவனிடம் ஓடிச் செல்ல வேண்டியவர் வைத்தியர். அவர் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, படைவீரன் மட்டும் எவ்வாறு துணிவான்?

பரசூட்டிற் குதிப்பது எவ்வாறென்பதை அறியாதார் பலர். வீரனே கயிற்றை இழுத்துக் குடையை விரிக்கிறான் என்று எண்ணுவது வழக்கம். படைவீரர் விடயத்தில் அது சரியன்று. விமானத்தினுள்ளே தலைக்கு மேல் ஓர் உருக்குக் கம்பி நீளமாகக் கட்டப்பட்டிருக்கும். முதுகுப் பொதியிலிருந்து வரும் வலிய நாடாவின் கொக்கியை ஒவ்வொருவனும் அக்கம்பியில் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பான். பச்சை விளக்கு எரிந்ததும் ஒருவர் பின் ஒருவராக வாயிலைக் கடந்து வெளியே அடியெடுத்து வைக்க வேண்டியதே. விழும் உடலின் பாரம் நாடாவை இழுக்க, பொதி திறந்து குடை வெளிப்படும். அன்று அமெரிக்கர் வழங்கிய குடையின் குறுக்களவு 28 அடி. எண்ணூறு அடி உயரத்திலிருந்து குதித்தால் முக்கால் நிமிடத்துக்குள் தரை வந்துவிடும். ஆள் உயர மதிலொன்றிலிருந்து குதித்தால் எவ்வளவு தாக்குமோ, தரை தொடும்போது ஏறக்குறைய அவ்வளவு தாக்கும். கணுக்கால் பிசகினாலோ முறிந்தாலோ வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியரிடமும் இந்தியரிடமும் இரண்டாவது குடை, அதாவது முதற்குடை விரியாவிட்டால் உதவும் குடை, கிடையாது. ஒன்று விரியாதேல் அவ்வளவுதான்.

அந்தப் பிரிகேட்டுக்குப் பெரும் சோதனை வானில் அன்று, தரையிலேயே வந்தது. 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானியர் பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள் நுழைந்தபோது, சங்சாக் என்னும் மலைக்கிராமத்தில் இப்படை வழிமறித்து நின்றது. மார்ச் 22 முதல் 26 வரை நடந்த அப்போரின் துயரங்கள் பல. முட்கம்பி இல்லை. நிலத்தின் கீழ்ப் பாறையாதலால் ஆழமாகக் குழி தோண்ட முடியவில்லை. நீரோ மிகவும் அரிதாயிற்று. வானிலிருந்து போடப்பட்ட உணவும் மருந்தும் வெடிமருந்தும், படை நின்ற இடம் மிகச் சிறிதாகையால், பெரும்பாலும் பகைவர் பக்கமே போய் விழுந்தன. பரசூட்டையே தொழிலாகக் கொண்ட படையினர், தமக்கு வந்த பரசூட்டுகள் எதிரியின் கையிற் சேர்வதைப் பார்த்து நின்றனர்! 26ஆம் திகதி இரவு, முற்றுகையை ஊடறுத்து வெளியேறுமாறு கட்டளை வந்தது. நடக்கக்கூடிய காயக்காரர் மற்றவர் தோள்மீது சாய்ந்து சென்றனர். நடக்க முடியாதோர் ஏறக்குறைய நூறு பேர் அங்கேயே விடப்பட்டனர். பிரிகேட் இழந்தோர் தொகை சுமார் 600. அவர்கள் தடுத்து நின்ற அந்தச் சில நாட்களே கொஹிமாவைக் காப்பதற்கு அவகாசம் தந்தன என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும் விடப்பட்ட அந்நூறு பேரை நினையாமல் சங்சாக்கைப் புகழ்வது முழுமையாகாது. காயக்காரனைக் கொண்டுசெல்ல வழியில்லாவிடில் வெற்றியும் எவ்வளவு கசக்கும் என்பதற்கு அது சான்று.

ரங்கராஜின் பெயரை உலகம் அறிந்தது ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், பசிபிக் கரையிலுள்ள கொரியாவில். 1950ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை உதவி கோரியது. சுதந்திர இந்தியா போர்ப்படை அனுப்ப மறுத்து, வைத்தியப் படையொன்றை மட்டும் அனுப்ப இசைந்தது. இரு பக்கத்தாரையும் பகைக்காத தந்திரமென்று அதனை இகழ்ந்தோர் உண்டு. இகழ்ந்தோர் அப்படை சென்ற இடங்களை வரைபடத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் நன்று. 60ஆவது பரசூட் வைத்தியப் பிரிவு, லெப்டினன்ட் கேணல் ரங்கராஜின் தலைமையில், முந்நூறுக்கு மேற்பட்டோருடன் நவம்பர் 20ஆம் திகதி பூசான் துறைமுகத்தில் இறங்கியது. சில நாட்களில் வடக்கே பியொங்யாங் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததும், சீனப்படைகள் போரிற் புகுந்தமையால் எல்லோரும் பின்வாங்கும் காலமாயிற்று.

அப்பொழுது நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லலாம். பிரிவிடம் போதிய வாகனங்கள் இல்லை. சாதனங்களைக் கைவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிச் செல்க என்பதே அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை. சத்திரசிகிச்சைக் கருவிகளை விட்டுவிட்டால் வைத்தியர் என்ற பெயர் மட்டுமே எஞ்சும். அவற்றுக்கு ஈடாக வேறு பெறுவதும் எளிதன்று. ரங்கராஜ் இணங்கவில்லை. புகையிரத நிலையத்தில் பழைய இயந்திரமொன்றும் சில பெட்டிகளும் ஓட்டுநரின்றிக் கிடந்தன. புகையிரத வேலை அறிந்த வீரர் சிலர் படையிலேயே இருந்தனர். நீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, கருவிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு தாமே அந்த வண்டியைத் தெற்கே ஓட்டிச் சென்றனர். அவர்கள் ஆற்றைக் கடந்த பின்னர் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வண்டியில் ஏற்றிச் சென்ற அக்கருவிகளே பின்னர் மூன்றாண்டுக் காலம் பயன்பட்டன.

டிசம்பர் மாதம் முதல் பிரிவு இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஒரு பகுதி பொதுநலவாயப் படையுடன் முன்னணியில் நின்றது. மற்றொன்று மேஜர் என். பி. பானர்ஜியின் தலைமையில் தேகு நகரில் தங்கிக் கொரிய மக்களுக்கும் படையினருக்கும் சிகிச்சை அளித்ததோடு, அந்நாட்டு வைத்தியர்க்கும் தாதியர்க்கும் பயிற்சியும் தந்தது. பத்திரிகைகள் முன்னணியையே எழுதின. பின்னணியின் உழைப்பு அதற்குக் குறைந்ததன்று.

1951ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி காலையில், தேகு விமானத்தளத்திலிருந்து அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படையணி புறப்பட்டது. சியோலுக்கு வடமேற்கே முன்சான்னி என்னுமிடத்தில் 3,400க்கு மேற்பட்டோர் குதித்தனர். அவர்களோடு குதித்தவர்களுள் இந்திய வைத்தியப் படையினர் பன்னிருவர்: அதிகாரிகள் ஐவர், ஏனையோர் எழுவர். தலைவர் ரங்கராஜ் பின்னால் தங்கவில்லை, தாமும் குதித்தார். கருவிகளும் மருந்தும் தனிப் பொதிகளாகத் தனிக் குடைகளில் இறங்கின. தரையில் விழுந்தவர், முதலில் தம் கை காலைத் தடவிப் பார்த்து, அடுத்துப் பொதிகளைத் தேடியெடுத்து, அவ்விடத்திலேயே சத்திரசிகிச்சைக்கு இடம் அமைத்தனர். நெஞ்சிலும் வயிற்றிலும் காயம்பட்டவனுக்கு முதற் சில மணி நேரமே உயிர்நேரம். தரைவழிப் படை வந்து சேரும்வரை காத்திருந்தால் அந்நேரம் கழிந்துவிடும். பன்னிருவரும் குதித்ததன் பொருள் அதுவே.

1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டில் வைத்தியப் பிரிவு நாடு திரும்பியது. ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. போர்வீரத்துக்கெனவே ஏற்பட்ட விருதுகளுள் அது இரண்டாவது உயர்ந்தது. கத்தியைச் சத்திரசிகிச்சைக்கு மட்டுமே எடுத்தவர்க்கு அது கிடைத்தமை அருமையாகும்.

படையை விட்டு நீங்கிய பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மையை, அதாவது வைசூரியை, உலகிலிருந்தே ஒழிக்க முனைந்தபோது ஆப்கானிஸ்தானில் அப்பணிக்குத் தலைவராக நின்றவர் அவர். அங்கே வீதியும் குறைவு, வைத்தியசாலையும் குறைவு. அம்மைச் சீழையே எடுத்து ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு ஏற்றும் பழைய வழக்கம் மலைக்கிராமங்களில் இன்னும் இருந்தது. அதனாலேயே நோய் மறுபடியும் பரவிற்று. அந்நியர் வீட்டு முற்றத்துள் நுழைந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஊசி குத்துவது எளிதான காரியமன்று. வழக்கத்தை மதித்து, ஊர்ப் பெரியோரின் இணக்கத்தைப் பெற்றே உள்ளே செல்ல வேண்டும். வானிலிருந்து குதித்தவர் இப்போது மலைப்பாதைகளில் ஆட்களை நடத்தினார். 1972ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்து வைசூரி ஒழிந்தது.

அவர் தலைமை தாங்கிய 60ஆவது பிரிவு இன்றும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் துருக்கி நாட்டை நிலநடுக்கம் குலைத்தபோது, ஆக்ராவிலிருந்து விமானத்திற் சென்று இஸ்கந்தரூன் நகரில் வைத்தியசாலை அமைத்தது அப்பிரிவே. அங்கேயும் வீடுகளும் வீதிகளும் சிதைந்து கிடந்தன. காயமுற்றோர் வைத்தியரை நோக்கிக் காத்திருந்தனர்.