நாய்க்கு வீடு தேடும் கட்டுரைகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில், 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நகர விலங்குகள் காப்பகத்துக்காகக் கடிதம் எழுதினார்கள். தன்னை ஏன் வளர்க்க வேண்டும் என்று நாயே எடுத்துச் சொல்வதுபோல் அமைந்த அந்தக் கடிதங்கள், பிள்ளைகள் வரைந்த படங்களோடு காப்பகத்தில் மாட்டப்பட்டன. பல நாய்களுக்கு வீடு கிடைத்தது; செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எழுத்துப் பயிற்சியையும் விலங்கு நலப் பணியையும் இப்படி முடிச்சுப் போடும் திட்டங்களைப் பாராட்டுவோர் பெரும்பாலும் பிள்ளைகளின் கருணையைப் பாராட்டுகிறார்கள். கருணை நல்லதுதான். ஆனால் இத்திட்டங்களின் பெரிய பயன் வேறு: எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை மாணவருக்கு இவை சொல்லித்தருகின்றன.

வகுப்பறைக் கட்டுரைக்கு ஒரே வாசகர் ஆசிரியர். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசி வரி வரை படித்தாக வேண்டியவர். நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் எழுதும் கடிதத்துக்கு உறைமேல் முகவரிகூட உண்டு. அந்த முகவரிக்கு அது ஒருநாளும் போவதில்லை. ஆனால் நாயைப் பற்றிக் காப்பகத்தில் வைக்கும் அறிமுகக் குறிப்பை யாரும் படித்தாக வேண்டிய கட்டாயமில்லை. இரண்டாம் வரியில் சலிப்புத் தட்டினால் அடுத்த நாயைப் பார்க்கப் போய்விடுவார்கள். யாருக்காக, எதற்காக எழுதுகிறோம் என்பது தெளிவாகும்போது எழுத்து மேம்படும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கார்னகி அறக்கட்டளைக்காக ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007-இல் அளித்த 'ரைட்டிங் நெக்ஸ்ட்' அறிக்கை, 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. எழுத்துக்குத் திட்டவட்டமான இலக்கு வைப்பதும், மாணவர்கள் கூடித் திட்டமிட்டு, எழுதி, திருத்துவதும் நல்ல பலன் தந்தன. இலக்கணத்தை மட்டும் தனியே பிரித்துக் கற்பித்ததோ எழுத்தை உயர்த்தவில்லை.

கூடி எழுதுவதில்தான், சக மாணவரின் வரைவைப் படித்துத் திருத்த உதவும் வழிகாட்டி மாணவருக்கு வேலை. எடுத்துக்காட்டாக, 'இது மிகவும் அன்பான நாய், எல்லோரோடும் பழகும்' என்று ஒருவர் எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிழையில்லாத வாக்கியம், சிவப்பு மைக்கு வேலையே இல்லை. வழிகாட்டி கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'அன்பானது என்று உனக்கு எப்படித் தெரியும்?' பதில் தெரியாவிட்டால் மாணவர் காப்பகப் பணியாளரிடம் போய்க் கேட்க வேண்டும். திரும்பி வரும்போது, 'முதல் பத்து நிமிடம் சுவரோரம் ஒதுங்கி நிற்கும். பிறகு காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். பூனை உள்ள வீட்டுக்கு ஒத்துவராது' என்ற குறிப்போடு வருவார். வெற்று அடைமொழி போய் நேரில் கண்ட செய்தி வந்துவிடுகிறது. வாதத்துக்குச் சான்று வேண்டும் என்பதைப் பாடப் புத்தகம் பல பக்கங்களில் சொல்கிறது. இங்கே ஒரே கேள்வியில் அது புரிந்துபோகிறது.

'நாயைத் தேர்ந்தெடுப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தானே எடுக்கிறார்கள், எழுத்து என்ன செய்துவிடும்?' என்று கேட்கலாம். தோற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் பார்க்கும் கண்ணையே சொல் மாற்றிவிடுகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 'பிட்புல்' வகை என்று பெயரிடப்பட்ட நாய்கள், ஏறக்குறைய அதே தோற்றம் கொண்டு வேறு இனப் பெயர் பெற்ற நாய்களைவிட மூன்று மடங்குக்கும் மேலான காலம் வீடு கிடைக்கக் காத்திருந்தன. ஃபுளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டி காப்பகம் அறிமுக அட்டைகளிலிருந்து இனப் பெயரை நீக்கியதும் அந்த நாய்களுக்கு வீடு கிடைப்பது கூடியது. அட்டையில் இருக்கும் ஒரு சொல்லுக்கே இவ்வளவு வலிமை என்றால், ஒரு பத்தி எழுதும் மாணவரின் பொறுப்பு சிறியதல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாயின் வாயில் மனிதப் பேச்சை வைத்துக் கண்ணீர் வரவழைப்பது வாதமா, வசியமா? இந்த உத்தி புதிதல்ல. 1877-இல் அன்னா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவலில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. பாஸ்டனில் விலங்கு நல இயக்கம் நடத்திய ஜார்ஜ் ஏஞ்சல், 1890-இல் அதைப் பெருமளவில் அச்சிட்டுப் பரப்பினார். ஆனால் அந்த நாவல் வெறும் அழுகையால் வேலை செய்யவில்லை. குதிரையின் தலையை வலிந்து நிமிர்த்தி வைக்கும் கடிவாள வார் கழுத்தையும் மூச்சையும் என்ன பாடுபடுத்துகிறது என்று அது விவரமாகக் காட்டியது. உணர்ச்சிக்கு அடியில் உண்மை இருந்தது. மாணவர் எழுத்துக்கும் அதே அளவுகோல்தான். கடிக்கும் பழக்கத்தை மறைத்து எழுதினால் நாய் சில நாட்களில் காப்பகத்துக்கே திரும்பும். அல்லது ஒரு குழந்தைக்குக் காயம்படும். குறையையும் சேர்த்துச் சொல்லும் குறிப்பே பொருத்தமான வீட்டைத் தேடித்தரும். மிகையை வெட்டக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல காரணம் வகுப்பறையில் கிடைக்காது.

மாணவர்களின் எழுத்துக்கு வழிகாட்டும் எழுத்து மையங்களில் பணியாற்றுவோருக்கு இன்னொரு தயக்கம் இருக்கும். எழுத்துக் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் நார்த் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இத்தகைய மையங்களின் வேலை நல்ல எழுத்தை உருவாக்குவதல்ல, நல்ல எழுத்தாளரை உருவாக்குவதே என்று வாதிட்டார். தொண்டு நிறுவனத்துக்கு வேண்டியதோ நாளைக்கே ஒட்டக்கூடிய நல்ல பிரதி. அவசரத்தில் வழிகாட்டியே பேனாவைப் பிடுங்கி எழுதிவிட்டால் நாய்க்கு நன்மை, மாணவருக்கு ஒன்றுமில்லை. மாணவர்களைச் சம்பளமில்லா விளம்பர ஆட்களாக்குகிறோமா என்ற கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது. இரண்டையும் தவிர்க்க வழி உண்டு. வரைவு திருந்தப் போதிய காலம் தர வேண்டும். வழிகாட்டி கேள்வி கேட்கலாம், வாக்கியம் தரக்கூடாது. எத்தனை நாய்களுக்கு வீடு கிடைத்தது என்பதை மதிப்பெண்ணோடு சேர்க்கக்கூடாது. நிறுவனத்தின் கொள்கையை ஏற்காத மாணவர், காப்பகத்துக்கு நாய்கள் வந்து சேரும் காரணங்களை ஆராய்ந்து மாற்றுக் கருத்து எழுதவும் இடம் வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாத திட்டம் நன்கொடை திரட்டும் வேலையாகச் சுருங்கிவிடும். இவற்றை ஏற்ற திட்டத்தில், மாணவர் ஒரு வாக்கியம் எழுதும் முன்பே அதைத் தன்னால் நிரூபிக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்குவார். அந்தப் பழக்கம் நாய்களைப் பற்றி எழுதுவதோடு நின்றுவிடப் போவதில்லை.