உதவித்தொகைக்கு முன்னே வரும் செலவு

வெளிநாட்டில் படிக்கப் போகும் ஏழை மாணவருக்குப் பெரிய தொகை கொடுக்க அரசாங்கத்தில் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் வாசல்வரை போய்ச் சேர ஆகும் சின்னத் தொகைக்கு வழி தெரியாமல்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வடசென்னையின் வியாசர்பாடியில் பட்டம் வாங்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்குத் தடையாக நிற்பது மதிப்பெண் அல்ல, இந்தத் தொகைதான்.

தமிழக அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகை 1954-55 முதல் நடந்துவருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. வயது 35-க்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது, பட்டப்படிப்பில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். க்யூ.எஸ். தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

முதலில் கடிதம், பிறகு பணம். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விண்ணப்பிக்கச் செலவு உண்டு. பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குச் சுமார் 18,000. நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், அதற்கும் 18,000. யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாக ஐந்து பல்கலைக்கழகங்களுக்குப் போட்டால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ; ஆக 195 யூரோ, ஏறக்குறைய 19,000 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 56,000-ஐத் தாண்டுகிறது. ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் வீட்டுக்கு இது இரண்டு, மூன்று மாத வருமானம். சீட் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலே கட்ட வேண்டிய பணம்.

இந்தச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 100 டாலர் வரை கேட்கும். குடும்ப நிலையை விளக்கி மின்னஞ்சல் எழுதினால் அதைத் தள்ளுபடி செய்யும் துறைகளும் உண்டு. டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், செலவு சுமார் 70 டாலர்தான். அதை ஏற்கிறார்களா என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் முதுகலைக்கு விண்ணப்பக் கட்டணமே வாங்காத இடங்கள் ஏராளம். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளுக்கும் பெரும்பாலும் கட்டணமில்லை. உதவித்தொகைக்குத் தேர்வானால் படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது.

வியாசர்பாடி அரசு கலைக் கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர். அவரே இதே பாதையில் நடந்தவர். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை கொடுத்தார். அதை நம்பி 1913-ல் 22 வயதில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1916-ல் லண்டன் பொருளியல் பள்ளிக்கு அவர் மாறியபோது, கொலம்பியா பேராசிரியர் எட்வின் செலிக்மன் அங்கிருந்த பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920-ல் மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். உதவித்தொகை, ஒப்பந்தம், பரிந்துரைக் கடிதம், நடுவில் நின்றுபோகும் பணம்: நூறாண்டு கழிந்தும் இன்றைய மாணவர் முன்னால் இருக்கும் பட்டியல் இதுதான்.

அந்தப் பட்டியலில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. இனிஷியல்! மார்க் ஷீட்டில் 'செ. கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வம்' என்று இருக்கும். ஆதாரில் வெறும் 'கார்த்திக்'. வெளிநாட்டுச் சேர்க்கை அலுவலகம் மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்கும். பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். அங்கே போய் வங்கிக் கணக்கு திறப்பதிலிருந்து எல்லா இடத்திலும் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட் எடுப்பதும், மற்ற ஆவணங்களை அதற்கு இசையத் திருத்துவதும் எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். செமஸ்டர் மார்க் ஷீட் வேறு, பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தரும் டிரான்ஸ்கிரிப்ட் வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி மாணவர்கள் அதைச் சேப்பாக்கத்தில் வாங்க வேண்டும். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் போய்விடலாம். ஆதிதிராவிடர் நல ஆணையரகமும் அதே சேப்பாக்கத்தில், எழிலக வளாகத்தில்தான் இருக்கிறது. ஒரே அலைச்சலில் இரண்டு வேலையையும் பார்த்துவிடலாம். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். டிரான்ஸ்கிரிப்டில் அது தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது பல பேராசிரியர்கள், 'நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்' என்பார்கள். அப்படி எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். மாணவர் செய்த புராஜெக்ட், லேபில் திணறிப் பிறகு தேறிய பாடம், வகுப்பில் கேட்ட கேள்வி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அதை வைத்து ஆசிரியரையே எழுதச் சொன்னால் கடிதத்துக்கு உயிர் வரும். கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம் போனால் நம்பகம் கூடும்.

எஸ்.ஓ.பி. என்னும் நோக்க அறிக்கையில்தான் வடசென்னை மாணவருக்கு உண்மையான பலம் இருக்கிறது. 'சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்கும் அறிக்கைகளைச் சேர்க்கைக் குழு ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதக் கடைசியில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியதையும் பக்கத்திலிருந்து பார்த்த வேதியியல் மாணவர், நீரில் கலந்த எண்ணெயைப் பிரிப்பது பற்றிப் படிக்க விரும்புகிறேன் என்று எழுதினால் அது வேறு. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்து வளர்ந்தவருக்குக் கழிவு மேலாண்மை வெறும் பாடப்புத்தக விஷயமல்ல. ஆனால் துயரத்தை மட்டும் எழுதினால் போதாது. என்ன கேள்வி எழுந்தது, அதற்காக எதைப் படித்தார், அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரின் ஆய்வு அதோடு பொருந்துகிறது என்பதும் வேண்டும்.

இலவசம் என்று பலகை வைத்திருக்கும் கன்சல்டன்சிகளிடம் கவனம் தேவை. அவற்றில் பலவற்றுக்கு வருமானம், மாணவரைச் சேர்த்துவிடும் பல்கலைக்கழகம் தரும் கமிஷனிலிருந்து வருகிறது. கட்டணமில்லாத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தை அவர்கள் சிபாரிசு செய்யக் காரணம் குறைவு. கடன் வாங்கிப் போகலாம் என்றாலும், 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்கும். அரசு வாரியக் குடியிருப்பில் பல்லாண்டு வாழ்ந்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பம் எதைக் கொண்டுபோய்க் காட்டும்?

அதனால்தான் உதவித்தொகை உயிர்நாடியாகிறது. அதையும் ஒன்றை மட்டும் நம்பி இருக்க முடியாது. 2025-ல் தேசிய அயலக உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதியைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. மாநிலத் திட்டம், ஒன்றியத் திட்டம், எராஸ்மஸ் மூன்றுக்கும் சேர்த்தே போட வேண்டும். இரண்டாண்டு வேலை பார்த்தவர்கள் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இறுதியாண்டு தொடங்கும் ஜூனிலேயே பாஸ்போர்ட், வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் முடித்துவிட வேண்டும். ஆகஸ்டில் ஆங்கிலத் தேர்வு, செப்டம்பரில் பரிந்துரைக் கடிதங்கள், அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பங்கள் என்று போனால், கோடையில் உதவித்தொகைக்கு எழுதும்போது சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும். ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் இதற்கென ஓர் ஆசிரியரை நியமித்து, மாணவர் ஒருவருக்கு 60,000 ரூபாய் வரை முன்பணமாகத் தர வேண்டும். உதவித்தொகை கிடைத்தவர் வேலைக்குப் போனபின் அதைத் திருப்பிக் கட்டட்டும். ஒரு கல்லூரியில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் மொத்தம் 6 லட்சம்தான். ஒரே மாணவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் வரை ஒதுக்கத் தயாராக இருக்கும் அரசுக்கு இது பெரிய தொகையல்ல.