ஒரே இணைப்பு, பல கணினிகள்: சிறு அலுவலகங்களின் கவனத்திற்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்தில் கைத்தறி வியாபார நிலையம், கூட்டுறவுச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாக சபை, தனியார் மருத்துவ நிலையம் போன்ற சிறு அலுவலகங்கள் பல, நான்கைந்து கணினிகளை ஒரே இணைய இணைப்பில் வைத்தே இயங்குகின்றன. இணைப்பைப் பெறுவது இன்று எளிது. பெற்ற பின்னர் அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கப்படாத விடயமாக உள்ளது.

இலங்கையில் வர்த்தக ரீதியான இணைய சேவை 1995 ஆம் ஆண்டில் ஆரம்பமானது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பியூடாக ஒரு கணினி மாத்திரமே இணையும். அதுவரை தொலைபேசியில் பேச இயலாது. 2005 முதல் நாடெங்கும் நிறுவப்பட்ட நெனசல அறிவகங்கள், ஓர் இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்து கொள்ளும் முறையைக் கிராமங்களுக்கும் அறிமுகப்படுத்தின.

இப்பகிர்வு எவ்வாறு நிகழ்கின்றது? அலுவலகக் கணினிகளும் அச்சுப்பொறியும் கம்பி மூலமோ வைஃபை மூலமோ ரவுட்டர் என்னும் கருவியுடன் இணைகின்றன. அதன் மறுபுறம் சேவை வழங்குநரின் கம்பி அல்லது 4ஜி அலைவரிசை. வெளியுலகுக்கு முழு அலுவலகத்துக்கும் ஒரே முகவரிதான். பழைய முறையில் இணைய முகவரிகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. எனவே அலுவலகத்துக்குள் 192.168 எனத் தொடங்குவது போன்ற உள்முகவரிகள் வழங்கப்படுகின்றன. அலுவலகத்திலிருந்து எந்தக் கணினி எதனைக் கேட்டது என்பதை ரவுட்டர் குறித்து வைத்து, வரும் பதிலை உரிய கணினிக்கே சேர்க்கின்றது. தபாற்பெட்டி ஒன்றுக்கு வரும் கடிதங்களைப் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் எழுதுவினைஞரின் பணியை இது ஒத்தது.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. கேட்கப்படாத செய்தி எதுவும் வெளியிலிருந்து நேரடியாக ஒரு கணினியைச் சென்றடைவதில்லை. ஆனால், இதனை முழுமையான பாதுகாப்பென நம்புவது தவறு. ஊழியர் ஒருவர் தாமே திறக்கும் மின்னஞ்சல் இணைப்பு இவ்வாசலைத் தடையின்றிக் கடந்துவிடும். வீட்டிலிருந்து கண்காணிப்புக் கெமராவைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் திறந்து வைக்கப்படும் வழி, அந்நியருக்கும் வழியாகின்றது. மேலும், வெளியுலகை நோக்கி நிற்பது ரவுட்டரே. அதன் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டபடியே இருப்பின் காவற்காரனே பகைவன் வசமாவான்.

2016 இல் மிராய் என்னும் தீங்கு நிரல் உலகெங்கும் ரவுட்டர்களையும் கெமராக்களையும் கைப்பற்றியது அவ்வாறுதான். மாற்றப்படாத ஆரம்பக் கடவுச்சொற்களை அது ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. அவ்வருடம் ஒக்டோபரில் அக்கருவிகளைக் கொண்டே டின் நிறுவனம் தாக்கப்பட்டு, டுவிட்டர் உள்ளிட்ட பெரும் தளங்கள் பல மணிநேரம் முடங்கின. கருவிகளின் உரிமையாளர்கள் பலர் தமது கருவி தாக்குதலில் பங்கேற்றதை அறிந்திருக்கவே வாய்ப்பில்லை.

நமது நாட்டின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் கட்டமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு வேறு காப்புப் பிரதி இல்லாமையால் அவற்றை மீட்க இயலவில்லை. காலம் கடந்த மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருந்தமையும் சுட்டிக்காட்டப்பட்டது. அரசாங்கத்துக்கே இந்நிலையெனில் சிறு அலுவலகங்களின் நிலை என்ன?

செய்ய வேண்டியவை அதிக செலவு பிடிப்பவையல்ல. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்ற வேண்டும். இரண்டும் வெவ்வேறாக இருத்தல் அவசியம். வருவோர் போவோருக்கு வைஃபை வழங்குவதாயின், பெரும்பாலான ரவுட்டர்களில் உள்ள விருந்தினர் வலையமைப்பைத் தனியே இயக்க வேண்டும். கணக்கு வைக்கும் கணினி அதிலிருந்து விலகியிருக்க வேண்டும். ரவுட்டரினதும் கணினிகளினதும் மென்பொருட்களை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேவையற்ற வழிகளை மூட வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது காப்புப் பிரதி. கணினியோடு எந்நேரமும் இணைந்திருக்கும் வன்தட்டு காப்பாகாது. கணினியைப் பூட்டும் நிரல் அதனையும் பூட்டிவிடும். வாரந்தோறும் பிரதியெடுத்து, கழற்றி, வேறோர் இடத்தில் வைப்பதே முறை. அந்த இடம் எது என்பதிலும் இக்கரையோர மக்களுக்குத் தனிக் கவனம் தேவை. 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டு சென்றவற்றுள் உயிர்களும் உடைமைகளும் மட்டுமன்றிப் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் அடங்கும். அவற்றை மீளப் பெற மக்கள் அலைந்த அலைச்சலை இங்கு எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஆகவே ஒரு பிரதியேனும் கரையிலிருந்து தொலைவில் இருத்தல் வேண்டும்.

சிறு அலுவலகத்தின் கணினியில் இருப்பவை அந்த அலுவலகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அடையாள அட்டை இலக்கம், நோயாளியின் மருத்துவக் குறிப்பு, அங்கத்தவரின் சேமிப்பு என அவை மக்களின் அமானிதங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உருவானதன் பின்னணியும் இதுவே. சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராமல், அமானிதத்தைப் பேணும் கடமையை உணர்ந்து நமது அலுவலகங்கள் இன்றே செயற்பட முன்வர வேண்டும்.