நூல் பெருகிய காலமும் நெசவாளி மெலிந்த காலமும்

கைத்தொழிற் புரட்சி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது நீராவி இயந்திரமும் ஜேம்ஸ் வாட்டும்தான். பரீட்சைக்கு அது போதும். ஒரு இயந்திரம் வந்தால் ஆரு வாழ்ந்தார், ஆரு தாழ்ந்தார் என்று கேக்கிறவருக்கு அது போதாது. இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுவதற்கு எங்கட மருதமுனைதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் பார்ப்போம்.

துணிக்கு இரண்டு வேலை வேணும். பஞ்சை நூலாக்குவது ஒன்று, நூலை நெய்வது மற்றொன்று. 1733இல் ஜோன் கே பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார். நெசவு வேகமாகியது, நூல் பற்றாமல் போயிற்று. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல இராட்டைகள் சுற்ற வேண்டியிருந்தது. இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னியும் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும் வந்தன. 1771இல் குரொம்ஃபோர்ட் என்ற இடத்தில் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை ஆர்க்ரைட் தொடங்கினார்.

இங்கதான் கவனிக்க வேணும். நூற்பாலை வந்தபோது கைத்தறிக்காரர் அழியவில்லை, செழித்தார். மலிவான நூல் குவிந்தது, நெய்யக் கை போதவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு லங்காஷயர் நெசவாளிக்கு நல்ல காலம். அப்போது அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து இராட்டை சுற்றிய பெண்கள். அவர்களுடைய கைக்காசுதான் முதலில் போனது.

பிறகு நெசவாளியின் முறை வந்தது. 1785இல் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அது திருந்தி ஓடத் தொடங்கப் பல வருசம் பிடித்தது. பிரித்தானியாவில் 1813இல் சுமார் 2,400 விசைத்தறிகள் இருந்தன. 1833இல் அது சுமார் 100,000. கைத்தறிக்காரரின் கூலி முந்தியிருந்ததில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் அவர் உடனே தறியை விட்டுப் போகவில்லை. குறைந்த கூலிக்குக் கூடுதல் நேரம் நெய்தார். ஏனென்றால் வீட்டுத்தறியில் அவர் தன் நேரத்துக்குத் தானே எசமான். ஆலையில் மணி அடித்தால் போக வேணும், மணி அடித்தால்தான் வர ஏலும். உழைப்பை அளக்கிற கோல் நெய்த துணியிலிருந்து கடிகாரத்துக்கு மாறிவிட்டது. குடும்பமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள் வேறு வேறு வாசலால் வேலைக்குப் போனார்கள்.

1811இல் நொட்டிங்ஹாம் பக்கம் பின்னல் சட்டங்களை உடைக்கத் தொடங்கிய லுட்டைட்டுகளை இயந்திரத்துக்குப் பயந்த முட்டாள்கள் என்று இன்றும் சொல்வார்கள். அது அநியாயம். கூலிக் குறைப்பும் தரங்கெட்ட துணியும்தான் அவர்களுடைய சண்டை. 1812இல் பாராளுமன்றம் சட்டம் உடைத்தவருக்கு மரண தண்டனை விதித்தது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் அதை எதிர்த்துப் பேசினார். ஆலைப் பிள்ளைகளைக் காக்க 1802இலும் 1819இலும் சட்டங்கள் வந்தன. ஆனால் அவற்றைப் பார்வையிட அரச பரிசோதகர் இல்லை. 1833இன் சட்டம்தான் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் தடுத்து, நான்கு பரிசோதகர்களையும் நியமித்தது. குரொம்ஃபோர்டிலிருந்து கணக்குப் பார்த்தால் 62 வருசம். அதற்குள் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் ஆலைக்குள் வளர்ந்து முடிந்திருந்தார்கள்.

இந்தக் கதை கடலுக்கு அங்கால் மட்டும் நடக்கவில்லை. இந்தியத் துணியோடு போட்டி போட முடியாத காலத்தில் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. தன் ஆலைகள் பலப்பட்ட பிறகு அதே இந்தியாவுக்கு ஆலைத் துணியை அனுப்பியது. வங்காளத்தில் நொடிந்துபோன நெசவாளர்களில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். அமெரிக்காவில் 1793இல் விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் வந்தது. வேலை இலேசானால் அடிமைத்தனம் குறையும் என்று நாம் நினைப்போம். நடந்தது மறுபுறம். 1790இல் சுமார் ஏழு இலட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய நாற்பது இலட்சம். மன்செஸ்டர் ஆலைகளின் பசிக்கு அவர்கள்தான் பருத்தி பறித்தார்கள்.

இனி மருதமுனை. எங்கட கைத்தறியும் ஆலை நூலைத்தான் நம்பியிருந்தது. ஆக, இயந்திரம் எங்களுக்கு முதலில் எதிரி இல்லை, கூட்டாளி. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து, வெளிநாட்டு இயந்திரத் துணி தாராளமாக இறங்கியபோதுதான் சாறனும் சாரியும் நெய்த தறிகளுக்கு அடி விழுந்தது. லங்காஷயரில் நடந்த அதே வரிசை. முதலில் நூல் வாழ வைத்தது, பிறகு துணி வீழ்த்தியது. அடுத்த வருசமே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. தைக்கிற இயந்திரத்தின் முன்னால் கிராமத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சொந்தச் சம்பளம் கிடைத்ததை நான் சின்ன விசயமாக எண்ணவில்லை. நேரத்துக்கு எசமான் ஆரு என்ற பழைய கேள்வியும் அவர்களோடு சேர்ந்தே உள்ளே போனது.

ஆகவே, இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் எனக்குப் பயனுள்ளதாகத் தெரியவில்லை. அது ஆருடைய கையில் இருக்கு, முதல் அடி ஆருக்கு விழுது, சட்டம் எத்தனை வருசம் பிந்தி வருது என்பதைக் கேட்க வேணும். லங்காஷயரைப் பற்றி நாம் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், அங்கே கூலிக் கணக்கும் பிள்ளைகளின் சாட்சியமும் எழுத்தில் இருப்பது. மருதமுனையில் பாவு ஓடியவர்களும் நாடா எறிந்தவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு சாறனுக்கு என்ன கூலி எடுத்தார்கள், எந்த வருசம் தறியை இறக்கி வைத்தார்கள், பிறகு எந்தத் தொழிலுக்குப் போனார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது நமது இளம் ஆய்வாளர்களால் செய்யக்கூடிய வேலை. அந்த வாய்கள் மூடுவதற்கு முன்னால் அதைச் செய்து விட வேணும்.