தண்ணீர்ச் சீட்டும் ஓர் இரவுச் சோதனையும்

சென்ற மாதம் சங்கக் கணக்குத் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுத் தண்ணீர்க் கட்டணச் சீட்டை என்னிடம் நீட்டினார். தொகை ஏறியதற்கு மருமகளின் ஊதாரித்தனமே காரணமென்று மாமியார் தீர்ப்புக் கூறிவிட்டாராம்!

முந்திய அளவு 412, இப்போதைய அளவு 446. வேறுபாடு 34 கிலோலிட்டர். அதாவது ஒரு மாதத்தில் 34,000 லிட்டர். நம் நாட்டு நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. ஐவருக்கு 30 நாளைக்கு 20,250 லிட்டர் ஆகும். நூல் நனைக்க அவர் கிணற்று நீரையே எடுக்கிறார். எஞ்சிய ஏறத்தாழ 14,000 லிட்டர் எங்கே போயிற்று?

அது நாள் முழுதும் குழாயில் நீர் வரும் ஊர். இரவு 10 மணிக்குத் தொட்டி நிரம்பியபின் குழாய்களையெல்லாம் அடைத்து, மீட்டரின் இலக்கங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். காலை 6 மணிக்குப் பார்த்தால், ஒருவரும் நீர் எடுக்காமலே 160 லிட்டர் ஓடியிருந்தது! மணிக்கு 20, நாளுக்கு 480, மாதத்திற்கு 14,400. மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையே மண்ணில் புதைந்த குழாயில் கசிவு.

செலவு ஏற ஏற விகிதமும் ஏறும் படிமுறை அவ்வூரில் உண்டு. ஆகவே கசிந்த நீரே மிக உயர்ந்த விலைக்குப் போயிற்று. நிலைக் கட்டணமும் பழைய பாக்கியும் சீட்டில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்தே நீரின் விலையைக் காண வேண்டும்.

குழாய் மாற்றியாயிற்று. மாமியார் மருமகளிடம் என்ன கூறினார் என்று நான் கேட்கவில்லை.