யார் பின்னால் போவது?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவந்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நான் இறையியல் படித்தவனில்லை. பிழைப்புக்காக நாசரேத் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிறிஸ்தவ வாழ்க்கையை வைத்தே எழுதுகிறேன். மற்ற சமயத்து நண்பர்களுக்கும் இதில் பொருந்துவது இருக்கலாம்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. ஊரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் ஜெபம் பண்ணிவிட்டு, “பிள்ளைக்குச் சுகம் கிடைச்சாச்சு, இனி ஊசி போட்டால் அது அவிசுவாசம்” என்றார். நாங்களும் நிறுத்திவிட்டோம். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற இந்த முதல் வகை நோயில் உடம்பு இன்சுலின் சுரப்பதே கிட்டத்தட்ட நின்றுவிடும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். மறுநாள் இரவு பிள்ளைக்கு வாந்தி, மூச்சு வாங்கியது. பிரசங்கியாருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. எங்கள் சபையின் வயதான மூப்பர், அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிடுகிறவர், டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளை பிழைத்தாள். அண்ணாச்சி எங்களைத் திட்டவில்லை. “தம்பி, அந்த ஊசியையும் கர்த்தர்தானே கொடுத்தார்? வந்தவர் யாரு என்னன்னு விசாரிச்சியா?” என்று மட்டும் கேட்டார்.

விசாரிக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் மூன்று தலைமுறை விசாரிக்கிறோம். வாடகை வீட்டுக்குத் தண்ணீர் வருமா என்று நாலு பேரிடம் கேட்கிறோம். ஆத்துமாவை ஒப்படைக்கிற ஆளைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. ஊரில் என்றால் அவர் யார் மகன், வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கிறவரா என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். இங்கேயோ ஒருவர் நம் பாஷையில் ஜெபம் பண்ணினாலே மனசு இளகிவிடுகிறது. இப்போது செல்போனிலேயே பிரசங்கிகள் வந்துவிடுகிறார்கள். அப்படியானால் எதை வைத்து விசாரிப்பது?

முதலாவது, அவர் நம்மை யாரிடம் கொண்டுபோகிறார்? கொரிந்து சபையில் சிலர் தங்களைப் பவுலின் ஆட்கள் என்றும், சிலர் அப்பொல்லோவின் ஆட்கள் என்றும், சிலர் கேபாவின் ஆட்கள் என்றும் சொல்லிப் பிரிந்தார்கள். தன் பேரில் ஒரு கட்சி இருப்பதைப் பவுல் ரசிக்கவில்லை, கண்டித்தே எழுதினார். அதே நிருபத்தில் தன்னைப் பின்பற்றும்படியும் சொல்கிறார். ஆனால் தான் கிறிஸ்துவைப் பின்பற்றுவதையே அதற்கு அளவுகோலாக வைக்கிறார். மனிதரைப் பின்பற்றுவதே தப்பு என்றில்லை. அளவுகோல் வேண்டும்.

இரண்டாவது, கேள்வி கேட்க விடுகிறாரா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னது சரிதானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைக் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறது. கேட்டவுடன் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரை எதிர்க்காதே’ என்று மிரட்டுகிறவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது, பணம். ஆதிச் சபையில் எழுதப்பட்ட ‘டிடாக்கே’ என்ற சிறு நூலின் கையெழுத்துப் பிரதி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சேறியது. ஊர் ஊராய் வருகிற ஊழியர்களைச் சோதிக்க அதில் எளிய விதிகள் உண்டு. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்று நாள் சும்மா தங்கினாலோ, புறப்படும்போது ரொட்டிக்கு மேல் பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி. சபை தோன்றிய காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது பாருங்கள்!

நான்காவது, நாவன்மையை வைத்து எடை போடாமல் கிட்டத்து வாழ்க்கையைப் பார்ப்பது. 1946இல் சென்னையில் பிறந்து தில்லியில் வளர்ந்த ரவி சகரியாஸ் உலகம் முழுக்கப் பேர் பெற்ற பேச்சாளர். அவர் புத்தகங்கள் என் அலமாரியிலும் உண்டு. 2020இல் அவர் காலமான பிறகு, அவருடைய ஊழிய நிறுவனமே ஏற்பாடு செய்த விசாரணை, அவர் பல பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை உறுதி செய்தது. அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. மேடையில் கேட்டதை வைத்து ஒருவரின் அந்தரங்கம் நமக்குத் தெரிந்துவிடாது. பக்கத்தில் இருந்து கண்டித்துச் சொல்ல ஆள் உண்டா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியாவும் நம்மைப்போல் வெளியூர் போன தமிழர்தான். தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்று, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945இல் அங்கேயே காலமானார். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கிராமத்து ஏழை ஜனங்கள் அவரைப் பக்கத்தில் பார்த்தார்கள். நடத்தையின் முடிவைப் பார்த்து விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிற எபிரெயர் நிருபத்துக்கு இப்படிப்பட்ட வாழ்க்கைதான் பொருள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. என் பின்னால் வா என்று அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பார், அவ்வளவுதான். மகள் வேலைக்குப் போகிறாள். தினமும் ஊசியும் போட்டுக்கொள்கிறாள், தினமும் ஜெபமும் பண்ணுகிறாள். நம் பிள்ளைகள் செல்போனில் யாரைக் கேட்கிறார்கள் என்று பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டும். யாரைக் கேட்டாலும், “விசாரிச்சியா?” என்ற அந்த ஒரு வார்த்தையை அவர்கள் மறக்காமல் இருக்கட்டும்.